கப்பல் நாள்: நீராவிக் காலத்துக் கொழும்பும் நம்மவர்களும்

சோனகர் வரலாறு பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் பாய்க்கப்பலுக்கு ஒரு குறையும் இல்லை. அறபு வணிகர் பருவக்காற்றைப் பிடித்து வந்தார்கள், பேருவளையிலும் கொழும்பிலும் இறங்கினார்கள், கறுவாவும் இரத்தினமும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள் என்று ஆரம்பித்து, 1505இல் போர்த்துக்கேயர் வந்து எல்லாவற்றையும் குழப்பும் வரை பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதற்குப் பிறகு பெரிய ஒரு தாண்டல். நேரே 1883 ஜனவரிக்கு வந்து ஒராபி பாஷாவைக் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கி விடுகிறோம். அவர் வந்தது 'மரியோட்டிஸ்' என்ற நீராவிக் கப்பலில். அந்தக் கப்பல் வந்து நின்ற துறைமுகம் அப்போது எப்படி இருந்தது, அவரைப் பார்க்கத் திரண்ட எங்கட ஆட்கள் எதைக்கொண்டு சீவியம் நடத்தினார்கள் என்பதற்கு ஒரு வசனம்கூட இருக்காது.

பாய்க்கப்பல் நமக்குப் பெருமை தருகிறது, அதனால் எழுதுகிறோம். நீராவிக் கப்பல் வெள்ளைக்காரனுடையது, அதனால் விட்டுவிடுகிறோம் போலிருக்கிறது. ஆனால் எங்கட வாப்பாமாருக்கும் அப்பாமாருக்கும் சோறு போட்டது பாய்க்கப்பல் அல்ல. 1880களிலிருந்து சுமார் எண்பது வருட காலம் காலி, பேருவளை, கொழும்பு ஆகிய ஊர்களில் நம்மவர் குடும்பங்கள் பலவற்றின் வரவு செலவு, ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் ஓடிய பிரயாணிக் கப்பல்களின் நேர அட்டவணையோடு கட்டுப்பட்டுக் கிடந்தது. கொழும்பு வீதிகளில் ரிக்ஷாவும் ட்ராமும் மோட்டார் காரும் வந்த கதையும் அந்த அட்டவணைக்குள்ளேதான் அடங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் காலியைச் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வரும் தபால் கப்பல்கள் தரித்தது கொழும்பில் அல்ல, காலியில்தான். கொழும்பில் அப்போது இருந்தது திறந்த கடல். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கப்பல் நிற்பதே ஆபத்து. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் கீழைத்தேயத்துக்கான கப்பல் போக்குவரத்து பெருகியது. காலிக் குடாவோ பாறைகள் நிறைந்தது, பெரிய கப்பல்களுக்கு ஒடுக்கமானது. 1875 டிசம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். சேர் ஜோன் கூட் வரைந்த திட்டம் அது. 4,212 அடி நீளமான அந்தத் தென்மேற்கு அலைதாங்கி முடிந்தது 1885இல். ஆனால் அது முழுமையாக முடியும் வரை கப்பல் கொம்பனிகள் காத்திருக்கவில்லை. பீ அன்ட் ஓ கொம்பனி 1882இலேயே காலியை விட்டுக் கொழும்புக்கு மாறிவிட்டது.

அந்த ஒரு தீர்மானம் காலிச் சோனகரின் வாழ்க்கையை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை நம்மில் யாராவது ஒருவர் விரிவாக எழுதவேண்டும். கப்பல் பிரயாணிக்கு இரத்தினம் விற்றவர், ஆமையோட்டுச் சீப்பு விற்றவர், பணம் மாற்றிக் கொடுத்தவர், கப்பலுக்கு மரக்கறியும் கோழியும் கொடுத்தவர், வள்ளம் வைத்திருந்தவர் எல்லோருக்கும் வாடிக்கைக்காரன் ஒரே நாளில் எழுபது மைலுக்கு அப்பால் போய்விட்டான். முதல் உள்ளவர்கள் பின்னாலேயே போனார்கள். 1860இல் காலியில் தொடங்கப்பட்ட ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார் நிறுவனம் கொழும்பில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலிலே கடை வைத்தது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். முதல் இல்லாதவர்கள் காலிக் கோட்டைக்குள்ளே இருந்து காலத்தைக் கடத்தினார்கள். இன்றைக்குக் கோட்டைக்குள் நாம் பார்க்கும் அந்தப் பழைய வீடுகளின் அமைதிக்கு 1882ஆம் வருடமும் ஒரு காரணம்.

கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் திறக்கப்பட்டது 1875இல். அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்த அதே வருடம். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. துறைமுகத்து இறங்குதுறைக்கு நேரே முன்னால், யோர்க் வீதி தொடங்கும் முனையில் அது நின்றது. 1890இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவும் 1896இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனும் கொழும்பில் இறங்கியது இந்தக் கப்பல் வழியிலேதான்.

இனிக் 'கப்பல் நாள்' என்றால் என்ன என்று சொல்கிறேன். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லே தெரியாது.

ஏடனிலிருந்து கொழும்பு சுமார் 2,100 கடல் மைல். கொழும்பிலிருந்து அவுஸ்திரேலியாவின் பிரீமாண்டில் சுமார் 3,100. இந்த இரண்டு நீண்ட தண்ணீர்ப் பரப்புக்கும் இடையில் நிலக்கரியும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொள்ள இடம் கொழும்புதான். பீ அன்ட் ஓ, ஓரியண்ட் லைன், லிவர்பூலிலிருந்து ரங்கூனுக்கு ஓடிய பிபி லைன், பிரெஞ்சுக்காரரின் மெசாஜெரி மரித்தீம், ஜேர்மானியரின் வட ஜேர்மன் லொயிட், ஜப்பானியரின் நிப்பொன் யூசென் கைஷா என்று எல்லாக் கொடியும் இங்கே வந்தன. 1909இல் ஓட ஆரம்பித்த ஓரியண்ட் லைனின் 'ஓர்சோவா' மாதிரி ஒரு கப்பல் 12,000 தொன். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றக்கூடியது. கப்பல் துறைமுகத்தின் நடுவில் மிதவையில் கட்டப்படும். கூலியாட்கள் சாக்கிலும் கூடையிலும் நிலக்கரி ஏற்றுவார்கள். கரித்தூள் மேல்தளம் எல்லாம் படியும். கதவு யன்னல் சாத்திய கப்பலுக்குள் வெக்கையிலே வெந்து கிடக்க எந்தத் துரையும் துரைசானியும் விரும்புவார்? ஆகவே நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் படகில் ஏறிக் கரைக்கு வருவார்கள். சில மணித்தியாலம், கூடினால் ஒரு நாள். சங்கு ஊதினால் திரும்பவேண்டும்.

கொழும்பின் பயணி வியாபாரத்தை உண்டாக்கியது இந்த நிலக்கரித் தூள்தான் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நிலக்கரி ஏற்றத் தேவையில்லாத கப்பல் ஏன் இவ்வளவு நேரம் நிற்கவேண்டும், நின்றாலும் அதிலுள்ளவர்கள் ஏன் எல்லோரும் இறங்கவேண்டும்?

இறங்கிய பிரயாணிக்கு முன்னால் விரிந்த வீதியைக் கற்பனை பண்ண அந்தக் கால நிழற்படங்கள் போதும். தேயிலைப் பெட்டி ஏற்றிய இரட்டை மாட்டுக் கரத்தைகள் மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் துறைமுகத்தை நோக்கி அசையும். அவற்றுக்கிடையில் குதிரை வண்டில். இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் ரிக்ஷா. ஜப்பானில் உண்டாகி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வந்த இந்த வாகனத்தை இழுத்தவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். 1899இல் பூஸ்டெட் சகோதரர்களின் மின்சார ட்ராம் ஓட ஆரம்பித்தது. ஒரு பாதை கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு, மற்றது மருதானை ஊடாகப் பொறளைக்கு. 1902இல் முதலாவது மோட்டார் கார் வந்தது. கொண்டுவந்தவர் எட்கார் மணி என்ற ஆங்கிலேயர். இரண்டே வருடத்தில், 1904இல், மோட்டார்காரர்களுக்கு ஒரு சங்கமும் அமைந்துவிட்டது. காரை விடச் சங்கம் பெரிதாக இருந்திருக்கும்!

மாட்டின் வேகம், மனிதக் காலின் வேகம், மின்சாரத்தின் வேகம், பெற்றோலின் வேகம் எல்லாம் ஒரே றோட்டில். சந்தியில் நின்று கை காட்டிய பொலிஸ்காரர்களில் மலாயர் கணிசமானோர். 1873இல் இலங்கை ரைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்ட பிறகு, கொம்பனித்தெரு மலாய்க் குடும்பங்களில் பலர் பொலிஸிலே சேர்ந்தார்கள். ஆக, அந்த நெரிசலை ஒழுங்குபடுத்தியதிலும் நம்மவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. மலாய்ச் சகோதரர்களின் இந்தப் பங்கைச் சோனகர் எழுதும் வரலாறுகள் வசதியாக மறந்துவிடுகின்றன.

ட்ராம் எங்கட ஆட்களின் வாகனம். கார் துரைமாருடையது, ரிக்ஷா பிரயாணிக்கும் வசதியுள்ளவனுக்கும். ஆனால் மருதானையிலிருந்து புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போகும் பொடியனுக்கு ட்ராம்தான். நான் சின்ன வயதில் வாப்பாவோடு அதில் போயிருக்கிறேன். 1960 ஜூன் மாதத்தோடு அது நின்றுவிட்டது. 1929இல் ஏ.ஈ. குணசிங்க தலைமையில் நடந்த ட்ராம் வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம்; மருதானை முஸ்லிம் குடும்பங்கள் அதைத் தங்கள் வாசலிலே நின்று பார்த்தன.

புறக்கோட்டை என்றதும் இரண்டாம் குறுக்குத் தெருச் சம்மாங்கோட்டுப் பள்ளி ஞாபகத்துக்கு வரவேண்டும். ஜாமிஉல் அழ்பர் என்ற அந்தச் சிவப்புப் பள்ளிவாசல் 1908, 1909ஆம் ஆண்டுகளில், தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் பொருளுதவியில் எழுந்தது. கட்டியவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. கட்டடக்கலைப் பட்டம் எதுவும் பெறாதவர். துறைமுகத்தை நெருங்கும் மாலுமிகள் கொழும்பை அடையாளம் கண்டது அந்த மினாராக்களைக் கொண்டுதான் என்று சொல்வார்கள். பிரயாணிகள் ரிக்ஷாவில் ஏறிப் பார்க்கப் போன இன்னொரு கட்டடம் கறுவாத்தோட்டத்து நூதனசாலை. 1877இல் திறக்கப்பட்ட அதைக் கட்டிமுடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். அந்தக் காலத்து ஆங்கிலப் பிரயாண நூல்களைப் படித்தால் நெஞ்சு கொஞ்சம் வலிக்கும். இறங்குதுறையில் கால் வைத்ததும் உயர்ந்த தொப்பி போட்ட 'மூர்மன்' வந்து மொய்ப்பான், பத்து மடங்கு விலை சொல்வான், கண்ணாடியை நீலக்கல் என்று தருவான், எச்சரிக்கை என்ற தொனியில் அவை பேசும். பிரயாணிக்குக் கிடைத்த இலங்கை முஸ்லிமின் உருவம் அதுதான். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலரும் அதை அப்படியே எடுத்து எழுதினார்கள். நாமோ பதில் சொல்ல வெட்கப்பட்டு, பெரிய இரத்தின வணிகர்களின் பெயரை மாத்திரம் அடுக்கிவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம்.

எனக்கு அந்த வெட்கம் இல்லை. எங்கட அப்பா, அதாவது உம்மாட வாப்பா, அந்த இறங்குதுறையில் நிலாக்கல் விற்றவர். கடை இல்லை. சின்னத் தகரப் பெட்டி ஒன்று, உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு மேலே கல். பேருவளையிலிருந்து முதல் நாள் இரவே கோச்சியில் வந்துவிடுவாராம். "கப்பல் ஈக்கிய நாளெய்க்கு ஊட்டுல ஆம்புளயொத்தரும் ஈக்க மாட்டாங்க" என்று உம்மும்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கல் அவருடைய சொந்தம் அல்ல. சீனன்கோட்டையில் முதலாளி ஒருவரிடம் நம்பிக்கைக்கு எடுத்தது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. விற்றால் காசு, விற்காவிட்டால் கல். இது இரண்டில் ஒன்று திரும்பி வராவிட்டால் அவருக்கு மாத்திரமல்ல, மகனுக்கும் மருமகனுக்கும்கூட ஊரில் யாரும் கல் கொடுக்க மாட்டார்கள்.

ஒரே மனிதன். ஊரில் ஒரு வார்த்தைக்கு ஆயிரம் ரூபாய்க் கல்லை நம்பிக் கொடுக்கிறார்கள். இறங்குதுறையில் அதே மனிதனை ஏமாற்றுக்காரன் என்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் என்ன இருக்கிறது? நேரம் இருக்கிறது. ஊரில் வாங்குகிறவனும் விற்கிறவனும் வாழ்நாள் பூராவும் முகம் பார்க்கவேண்டியவர்கள். இறங்குதுறையில் வாங்குகிறவன் நாலு மணித்தியாலத்தில் போய்விடுவான், திரும்பி வரமாட்டான், வந்தாலும் முகம் ஞாபகம் இருக்காது. அவனும் இது தெரிந்தவன்தான். சங்கு ஊதும் வரை இழுத்தடித்து, கடைசி நிமிஷத்தில் கால் விலைக்குக் கேட்பான். படகில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு பேரம் பேசிய துரைமாரின் கதைகள் எங்கட வீடுகளிலும் உண்டு. அவை புத்தகத்தில் வரவில்லை, அவ்வளவுதான். ஆரம்ப விலை ஏன் உயர்ந்தது என்றால் கடைசி விலை எவ்வளவு விழும் என்பது விற்றவனுக்குத் தெரியும். கண்ணாடி விற்றவர்கள் இருக்கவில்லை என்று நான் வாதாட வரவில்லை. இருந்தார்கள். ஆனால் எல்லோரையும் அந்தப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவது நீதியல்ல.

பெரிய கடைக்காரர்கள் இந்தப் பிரச்சினைக்குக் கண்ட வழி புத்திசாலித்தனமானது. ஹோட்டலுக்குள்ளேயே கடை போட்டார்கள். ஹோட்டலின் பெயர் கடைக்குப் பிணை. கல்லுக்கு எழுத்தில் உத்தரவாதம் கொடுத்தார்கள். லண்டனிலிருந்தோ மெல்பனிலிருந்தோ கடிதம் போட்டாலும் பதில் வரும். பவுணுக்குப் பதினைந்து ரூபாய் என்று 1890களின் கடைசியிலே நிலைப்பட்ட நாணய மாற்றும் உதவியது. தங்கப்பவுணை நீட்டினால் கணக்குப் போட ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஹோட்டல் வாடகை கொடுக்கக்கூடியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்கள். மற்றவர்களுக்குத் தகரப் பெட்டிதான்.

அப்போதுதான் மோட்டார் கார் இந்தக் கணக்குக்குள் நுழைந்தது. முதல் பத்து வருடம் அது விளையாட்டுச் சாமான். 1910க்குப் பிறகு நிலைமை வேறு. ரிக்ஷா பிரயாணியை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும்? கோட்டை, புறக்கோட்டை, காலிமுகத்திடல், கறுவாத்தோட்டம். எங்கே போனாலும் நம்மவர்களின் கடைகளைத் தாண்டிக்கொண்டுதான் போகவேண்டும், அதுவும் மெதுவாக. கார் வந்ததும் கல்கிசை ஹோட்டலில் பகல் சாப்பாடு, களனி விகாரை, துணிந்தவர்களுக்கு 72 மைல் தூரத்துக் கண்டிகூட ஒரே நாளில் சாத்தியமாயிற்று. கண்டிக்கு 1867இலிருந்தே கோச்சி இருந்தது. ஆனால் கோச்சிக்கு நேரம் உண்டு, காருக்கு இல்லை. இறங்குதுறையில் இறங்கியதும் காரில் ஏறிப் போய், சங்கு ஊதுவதற்கு அரை மணி முன்னால் தூசியோடு திரும்பி வருகிற பிரயாணி யாரிடம் நின்று கல் பார்ப்பான்? வாடிக்கைக்காரனின் நாலு மணித்தியாலத்தையும் கார் விழுங்கிவிட்டது. சாரதி எந்தக் கடை வாசலில் நிறுத்துகிறானோ அந்தக் கடைக்குத்தான் வியாபாரம் என்ற நிலை வந்தது. சாரதிக்குக் கொமிஷன் கொடுக்கும் வழக்கத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் ஊகம். இன்றைக்கும் பேருவளையிலும் கண்டியிலும் கல் கடை நடத்துகிறவர்கள் அந்தக் கொமிஷனை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

கார் எடுத்ததை ஒரு பக்கத்தால் கொடுத்தும் இருக்கிறது. 1876 ஆகஸ்டில் கியூ தோட்டத்திலிருந்து 38 கண்ணாடிப் பெட்டிகளில் 1,919 ரப்பர் கன்றுகள் கப்பலேறி இலங்கை வந்தன. ஹேனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். முப்பது வருடம் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. மோட்டார் ரயருக்குக் கேள்வி வந்ததும் 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. களுத்துறை மாவட்டம் ரப்பர் மாவட்டமானது. சின்னத் தோட்டக்காரரிடம் ஷீட் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பிய கடைகளில் நம்மவர்களின் கடைகளும் இருந்தன. கல்லில் விழுந்ததை ரப்பரில் எடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இதுவரை கரையைப் பற்றியே எழுதினேன். கப்பலுக்குள்ளேயும் முஸ்லிம்கள் இருந்தார்கள், ஆனால் மேல்தளத்தில் அல்ல. பீ அன்ட் ஓ கப்பல்களில் ஆங்கில அதிகாரிகளுக்குக் கீழே வேலை செய்த 'லஸ்கர்'கள் இந்தியர்கள். சாப்பாட்டு மண்டபத்தில் கோவாக் கத்தோலிக்கர், மேல்தள வேலைக்குக் குஜராத், கொங்கண் கரையோர மக்கள், அடியில் நெருப்பு அறையில் பஞ்சாபி முஸ்லிம்களும் பட்டாணியர்களும். வேறு கொம்பனிகளில் சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காள முஸ்லிம்கள். 1906ஆம் ஆண்டு பிரித்தானியச் சட்டம் கப்பலில் ஐரோப்பிய மாலுமிக்கு 120 கன அடி இடம் வேண்டும் என்றது. லஸ்கருக்கு 36 கன அடி. கபுறு அளவுக்குக் கொஞ்சம் பெரிது. பிரயாணிகள் செங்கடலின் வெக்கையைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். அதே செங்கடலில் அடுப்புக்கு முன்னால் நின்று கரி அள்ளிப்போட்டவன், நோன்பு மாதமாக இருந்தால் என்ன செய்திருப்பான் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

செங்கடல் என்றதும் ஹஜ்ஜைப் பேசாமல் போக முடியாது. கொழும்பிலிருந்து சுயஸுக்குப் போகும் ஒவ்வொரு தபால் கப்பலும் ஜித்தாவுக்கு நேரே கடலில் போய்த்தான் தீரவேண்டும். ஆனால் அங்கே நிற்காது. லண்டனுக்குப் போகும் துரைக்கு மக்காவின் திசையில் பகல் முழுக்கக் கப்பல் ஓடும். ஹஜ்ஜுக்குப் போகும் எங்கட ஹாஜியாருக்கு அந்தக் கப்பல் உதவாது. அவருக்கு யாத்திரைக் கப்பல் வேண்டும். அந்தக் கப்பல்கள் அதிகமாகப் புறப்பட்டது பம்பாயிலிருந்து. 1914இல் தலைமன்னார், தனுஷ்கோடி வழியாக ரயிலும் நீராவிப் படகும் இணைந்த பிறகு கொழும்பில் கோச்சி ஏறி இந்தியாவுக்குப் போய்ப் பம்பாயை அடைவது இலகுவாயிற்று. அதற்குப் பிறகும் செங்கடல் வாசலில் கம்றான் தீவுத் தடுப்பு முகாம். 1882இலிருந்து யாத்திரிகர்களை இறக்கி, உடுப்பை நீராவியில் அவித்து, நாட்கணக்கில் வைத்திருந்தார்கள். மக்காப் பாதையில் ஒட்டகத்தின் இடத்தைக் காரும் பஸ்ஸும் பிடிக்க ஆரம்பித்தது 1920களின் பிற்பாதியில். அந்த வேளையில் ஜித்தாவில் போர்ட் கார் விற்றவர்களில் ஒருவர், பின்னால் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயர் ஹாஜி அப்துல்லாஹ் பில்பி. ஒராபி பாஷாவின் கதையிலும் ஒரு கப்பல் இருக்கிறது. 1901 ஏப்ரலில் பிரித்தானிய இளவரசர் இங்கே வந்தது 'ஓபிர்' என்ற கப்பலில். அது ஓரியண்ட் லைனின் பிரயாணிக் கப்பல், அரச உலாவுக்காக வாடகைக்கு எடுத்தது. அந்த வருகையை ஒட்டித்தான் பாஷாவுக்கு மன்னிப்புக் கிடைத்து, பதினெட்டு வருடத்துக்குப் பிறகு எகிப்துக்குத் திரும்பினார். அவர் விட்டுச்சென்ற துருக்கித் தொப்பி நமது தலையிலும், 1892இல் அவரும் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் சேர்ந்து நட்ட ஸாஹிராவின் விதை மருதானையிலும் இருந்தது.

1914இல் யுத்தம் வந்தது. செப்டம்பரில் 'எம்டன்' என்ற ஜேர்மன் கப்பல் வங்காள விரிகுடாவிலும் இலங்கைக் கரைக்கு அண்மையிலும் வியாபாரக் கப்பல்களை மூழ்கடித்தது. இன்றைக்கும் கெட்டிக்காரனை 'எம்டன்' என்கிறோம். நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவில் அதன் கதை முடிந்தது. அதன் கெப்டனையும் கைதிகளையும் கொழும்பிலிருந்து ஏற்றிச் சென்றது ஓரியண்ட் லைனின் 'ஓர்வியட்டோ', அப்போது துருப்புக் கப்பல். பிரயாணிக் கப்பல்கள் எல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விட்டன. இறங்குதுறையில் இறங்கியது துரைசானி அல்ல, சிப்பாய். சிப்பாய் நீலக்கல் வாங்கமாட்டான், வாங்கினால் சின்ன நிலாக்கல் ஒன்று, வீட்டுக்கு அனுப்ப. அப்பாவின் பெட்டிக்கு அது தோதாக இருந்ததாம்! 1915 மே, ஜூன் கலவரத்தில் நம்மவர் கடைகள் உடைபட்ட கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள்; இங்கே திரும்பச் சொல்லவில்லை. ஆனால் கப்பல் வரவு குறைந்து, கைமுதல் வற்றியிருந்த நேரத்தில் அந்த அடி விழுந்தது என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

யுத்தத்துக்குப் பிறகு கப்பல்கள் திரும்ப வந்தன. நிலக்கரியின் இடத்தை மெல்ல மெல்ல எண்ணெய் பிடித்தது. எண்ணெய்க்குக் கூடையும் வேண்டாம், தூளும் இல்லை, நேரமும் குறைவு. ரிக்ஷாக்காரர் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கார்கள் கூடின.

1931இல் அரசாங்க சபை அமைந்தபோது ஏழு அமைச்சர்களில் ஒரே முஸ்லிம், மட்டக்களப்புத் தெற்கிலிருந்து தெரிவான முஹம்மத் மாக்கான் மாக்கார். பின்னாளில் சேர் பட்டம் பெற்றவர். அவருக்குக் கிடைத்த பொறுப்பு போக்குவரத்தும் பொதுவேலைகளும். றோட்டு, ரயில், துறைமுகம் எல்லாம் அவருடைய அமைச்சின் கையில். தகப்பன் காலத்திலே கப்பல் பிரயாணியை நம்பிக் காலியில் தொடங்கி, கப்பலுக்குப் பின்னால் கொழும்புக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை அவர். அவருடைய அமைச்சுக் காலம் முடியும் தறுவாயில், 1935 நவம்பர் 27ஆம் திகதி, இரத்மலானையில் புதிதாக வெட்டித் துப்புரவாக்கிய நிலத்தில் முதலாவது விமானம் இறங்கியது. மதராஸ் பறத்தல் கழகத்தின் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த சின்னப் 'புஸ் மொத்' விமானம் அது. அதே கிழமையும் எங்கட அப்பா தகரப் பெட்டியோடு கோச்சி ஏறித்தான் இருப்பார்.